பூசணக் கறை ஸ்பிரே: ஆறு மாதம் பயன்படுத்திய பிறகு

இரண்டு மாதம் மூடிக் கிடந்த படகின் உறையைத் தூக்கியதும் முதலில் அந்த வாடைதான் வந்தது. வெள்ளை ரெக்சின் இருக்கைகளில் கடுகைச் சிதறவிட்டது போலக் கரும்புள்ளிகள். தையல் ஓரங்களில் இன்னும் அடர்த்தி. மறுவாரம் அம்மாவை முதன்முறையாகப் படகில் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தேன். அவருக்கு ஆஸ்துமா உண்டு. அந்தப் பூசணத்தின் மேல் அவரை உட்கார வைக்க முடியாது. அந்த அவசரத்தில், பூசணக் கறைக்கென்றே விற்கிற ஸ்பிரே ஒன்றை வாங்கினேன்.

அன்றைக்கு அது செய்த வேலையைக் குறை சொல்ல மாட்டேன். தெளித்துவிட்டுப் பத்து நிமிடம் காத்திருந்தேன். தேய்க்கவே இல்லை, புள்ளிகள் கண்ணெதிரே மங்கி மறைந்தன. நிறைய தண்ணீர் விட்டுக் கழுவித் துடைத்ததும் இருக்கை புதிது போல இருந்தது. மூக்கை அரிக்கும் நெடி மட்டும் சாயங்காலம் வரை போகவில்லை.

புள்ளிகள் மூன்றே வாரத்தில் திரும்பி வந்தன, அதுவும் அதே இடங்களில். மறுபடி தெளித்தேன், மறுபடி வந்தன. நான்காம் மாதம் பின்னிருக்கையில் சாய்ந்து உட்கார்ந்தபோது தையல் ஒரு சாண் நீளத்துக்குப் பிரிந்தது. நூலை இழுத்துப் பார்த்தேன், கையோடு வந்துவிட்டது. ரெக்சினும் முன்பிருந்த மென்மை போய் விறைத்திருந்தது. அதற்குப் பிறகுதான் பாட்டிலின் பின்பக்கத்தைப் படித்தேன்: சோடியம் ஹைபோகுளோரைட். துணி வெளுக்கப் போடுகிற அதே ப்ளீச். கறையின் நிறத்தை அது சட்டென்று வெளுத்துவிடும். ஆனால் அடிக்கடி பட்டால் நூலும் ரெக்சினின் மேல்பூச்சும் கெட்டுப்போகும்.

கறை ஏன் திரும்பி வந்தது என்பது, பிரிந்த தையலை ரிப்பேர் செய்ய இருக்கையின் ரெக்சின் உறையைக் கழற்றியபோது தெரிந்தது. உள்ளே இருந்த ஸ்பாஞ்சைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டியது. தையல் துளைகள் வழியாக இறங்கிய தண்ணீர் வெளியேற வழியில்லாமல் அங்கேயே தங்கியிருக்கிறது. நான் மேலே மட்டும் தெளித்துக்கொண்டிருந்தேன், பூசணமோ அடியில் வளர்ந்துகொண்டிருந்தது. உங்கள் இருக்கையில் இளஞ்சிவப்புத் திட்டு இருந்தால் இன்னும் கவனமாகப் பாருங்கள். அது பெரும்பாலும் உள்ளிருக்கும் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் சாயம் ரெக்சினுக்குள் ஊறி மேலே தெரிவது. அதை எந்த ஸ்பிரேயும் எடுக்காது.

இப்போது நான் பயன்படுத்துவது மருந்துக்கடையில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு. முதலில் முகக்கவசம் போட்டு, இருக்கைகளை வெளியே எடுத்து வைத்து, மென்மையான சோப்புத் தண்ணீரால் அழுக்கையும் சன்ஸ்கிரீன் பிசுக்கையும் துடைக்கிறேன். பூசணத்துக்குத் தீனியே அந்தப் பிசுக்குதான். அப்புறம் பெராக்சைடைத் தெளித்துப் பத்து நிமிடம் விட்டு, மென்மையான பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுகிறேன். ஸ்பிரே ஒரே தடவையில் எடுத்ததை இது இரண்டு, மூன்று தடவையில்தான் எடுக்கிறது. பரவாயில்லை, நூல் தாங்குகிறது. நிறமுள்ள துணி என்றால் மறைவான ஓரத்தில் முதலில் சோதித்துப் பாருங்கள். வெள்ளை ‘மேஜிக்’ ஸ்பாஞ்ச் வேண்டாம். அது நுண்ணிய உப்புத்தாள் மாதிரி, மேல்பூச்சைச் சுரண்டிவிடும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். ப்ளீச் ஸ்பிரே அடித்த இடத்தில் வேலை முடியவில்லையே என்று வினிகரை ஊற்றாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும். அம்மோனியா கலந்த கிளீனரும் ஆபத்துதான். படகின் கேபினுக்குள் காற்றோட்டம் குறைவு என்பதை நினைவில் வையுங்கள்.

உண்மையில் எனக்கு உதவியது ஸ்பாஞ்சை மாற்றியதுதான். பெரிய துளைகள் உள்ள, தண்ணீர் நேராக வடிந்துபோகும் ரகம் ஒன்று இருக்கிறது. பின்னிருக்கைக்கு அதைப் போட்டேன். படகை மூடும் உறையிலும் காற்றுத் திறப்புகள் வைத்துத் தைக்கச் சொன்னேன். அதன் மேல் மழைநீர் தேங்காமல் இருக்க நடுவில் ஒரு கம்பு நிற்கிறது. படகை விட்டு இறங்கும்போது மெத்தைகளைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்துகிறேன். கேபினில் கால்சியம் குளோரைடு ஈரம் உறிஞ்சி டப்பா ஒன்று. அதில் சேரும் உப்புத்தண்ணீர் கவிழ்ந்தால் உலோகத்தை அரிக்கும், அதனால் அடிக்கடி காலி செய்ய வேண்டும்.

அந்த ஸ்பிரேக்கு ஐந்தில் இரண்டு நட்சத்திரம். விருந்தாளி வருவதற்கு முன் ஒரே ஒரு தடவை அடிக்க உதவும். அலமாரியில் வைத்து மாதாமாதம் அடிக்க வேண்டாம்.

மூன்று வாரம் மூடிக் கிடந்த படகின் உறையைப் போன வாரம் திறந்தேன். வாடை இல்லை, பின்னிருக்கையில் புள்ளி இல்லை. ஸ்டியரிங் பக்கத்து இருக்கையில் மட்டும் உள்ளங்கை அளவுக்கு இளஞ்சிவப்புத் திட்டு அப்படியே இருக்கிறது. அதற்குப் புது ரெக்சின் வெட்டி வைத்திருக்கிறேன்.