வீட்டு வாசலுக்கு அரளியா, செம்பருத்தியா, இட்லிப்பூவா?

வருஷம் முழுக்கப் பச்சையாக இருக்க வேண்டும், பூவும் வேண்டும் என்று நர்சரியில் கேட்டால் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றைத்தான் கையில் கொடுப்பார்கள்.

பராமரிப்பு மட்டும்தான் கணக்கு என்றால் அரளியை எதுவும் நெருங்க முடியாது. நெடுஞ்சாலை நடுத்திட்டில் லாரிப் புகையையும் சித்திரை வெயிலையும் தாங்கிப் பூக்கிற செடி அது. சேலம் பனமரத்துப்பட்டிப் பக்கம் தோட்டப் பயிராகவே போட்டு, விரிவதற்கு முன்பே மொட்டாகப் பறித்து மாலைக்கு அனுப்புகிறார்கள். ஆடு மாடும் வாய் வைக்காது.

ஏன் வைப்பதில்லை என்பதில்தான் சிக்கலே. வேர் முதல் பூ வரை விஷம். அதிலுள்ள ஒலியாண்ட்ரின் என்ற நச்சு இதயத் துடிப்பைக் குலைத்துவிடும். 2024 மே மாதம் கேரளாவில் கோயில்களை நிர்வகிக்கிற திருவிதாங்கூர் தேவசம் போர்டு நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப் பூவை நிறுத்தியது. பச்சையாக இருக்கும்வரை தொடாத மாடு, வெட்டிப் போட்டுக் காய்ந்த இலை தீவனத்தோடு கலந்தால் தின்றுவிடும். கவாத்து செய்து வெட்டிய குச்சியைக் கொளுத்தவும் கூடாது, புகையும் கெடுதல். எதையும் வாயில் வைக்கிற வயதில் குழந்தை இருக்கிற வீட்டுக்கு அரளி வேண்டவே வேண்டாம். மஞ்சள் அரளி வேறு செடி, ஆனால் அதன் விதையும் கொடிய விஷம்தான்.

செம்பருத்தியை நட்டால் பூ சாமிக்கு, இலை சீயக்காயோடு தலைக்கு, இதழ் தேநீருக்கு. இதற்கெல்லாம் ஐந்து இதழ் ஒற்றைச் சிவப்பைத்தான் தேட வேண்டும். நர்சரியில் கண்ணைப் பறிக்கிற ஒட்டு ரகங்கள் அழகுக்கு மட்டும். பென்சில் கனத்தில் ஒரு சாண் குச்சியை மழைக்காலத்தில் ஊன்றினாலே துளிர்த்துவிடும். பூ ஒரே நாள்தான் இருக்கும், ஆனால் தினமும் பூக்கும். புதுத் துளிரில்தான் மொட்டு வைக்கும் என்பதால் வெட்டத் தயங்கக் கூடாது.

தொல்லை மாவுப்பூச்சி. நுனி இலை சுருண்டு, கணுவில் வெள்ளைப் பஞ்சு ஒட்டியிருந்தால், மேலே எறும்பு வரிசையும் போனால், அதேதான். அந்த நுனியைக் கிள்ளி எறிந்துவிட்டு, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைக் கொஞ்சம் சோப்புக் கரைசலோடு கலந்து மாலையில் அடிக்கலாம். வாரம் ஒருமுறை பார்க்கிற பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

இட்லிப்பூ, அதாவது வெட்சி, மெதுவாக வளரும். அந்தக் காலத்தில் ஆநிரை கவரப் போனவர்கள் சூடியது. இன்று காம்பவுண்டு ஓரத்தில் இடுப்பளவு வேலியாக அடக்கமாக நிற்கிறது. கொத்து வாரக்கணக்கில் வாடாது. உப்பான போர்வெல் தண்ணீர் மட்டும் ஆகாது. நரம்பு பச்சையாக இருக்க இளம் இலை மஞ்சளானால் இரும்புச்சத்துக் குறைவு. அன்னபேதி உப்பை (ஃபெரஸ் சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம் கரைத்துத் தெளிக்கலாம்.

என் ஓட்டு செம்பருத்திக்கு. இடம் குறுகல், அடிக்கடி கவனிக்கவும் முடியாது, ஆனால் தண்ணீர் நல்ல தண்ணீர் என்றால் இட்லிப்பூ. அரளியை வைத்தே ஆக வேண்டும் என்றால் ஆள் புழங்காத பின்பக்கச் சுவரோரம் வையுங்கள். கவாத்துக்குக் கையுறை போடுங்கள், பால் பட்டால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.