லுக்கிங் ஃபார்வர்டா, எக்சைட்டடா?

நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்துவிட்டது. பதில் மெயிலின் கடைசி வரியில் ஆர்வத்தைக் காட்ட வேண்டும். ‘ஐ லுக் ஃபார்வர்ட் டு மீட்டிங் யூ’ என்று எழுதலாம். ‘ஐ யாம் எக்சைட்டட் டு மீட் யூ’ என்றும் எழுதலாம்.

முதலாவது எந்த மேலதிகாரியிடமும் செல்லுபடியாகும். விறைப்பாகத் தெரிகிறதா? ‘ஐ யாம் லுக்கிங் ஃபார்வர்ட்’ என்று மாற்றுங்கள், கொஞ்சம் இறுக்கம் தளரும். நம்மவர்கள் வழுக்கி விழுவது அந்த ‘டு’வில்தான். இங்கே அது முன்னிடைச்சொல், அதாவது ‘ப்ரெபொசிஷன்’. அதனால் அதற்கு அப்புறம் ‘மீட்’ வராது. பெயர்ச்சொல்லோ, ‘மீட்டிங்’ மாதிரி ‘இங்’ வடிவமோதான் வரும். இரண்டாவதில் இந்தத் தொல்லை இல்லை, வினை அப்படியே நிற்கும்.

ஆனால் ‘எக்சைட்டட்’ அமெரிக்க அலுவலகங்களில்தான் சர்வசாதாரணம். பிரிட்டிஷ்காரர்களுக்கு அது சற்று மிகையாகப் படலாம். கை தவறி ‘ஐ யாம் எக்சைட்டிங்’ என்று அடித்துவிட்டால், நான் பரபரப்பூட்டும் ஆள் என்று நீங்களே சொல்லிக்கொண்டதாக ஆகிவிடும்!

விண்ணப்பக் கட்டத்தில் என் ஓட்டு முதலாவதுக்கே. வேலை உறுதியானபின் ‘எக்சைட்டட்’ தாராளமாக வரட்டும். ஆச்சரியக்குறி மட்டும் ஒன்றே போதும்.