மர வேலை ரூட்டர் ரிப்பேருக்கு 3,800 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன், பெங்களூரு நண்பர்களே கவனம்

பெங்களூரில் மர வேலை செய்கிற நம் ஆட்கள் இதைப் படித்துவிட்டு மிஷினை ரிப்பேருக்குக் கொடுங்கள். நேற்று சாயங்காலம்தான் விஷயம் தெரிந்தது. ராத்திரி தூக்கமே இல்லை. 3,800 ரூபாய் போச்சு, அதோடு ஒரு தேக்குச் சட்டமும் போச்சு. ரூட்டர் பிளஞ்ச் (மிஷின் மேலும் கீழும் நகர்கிற அமைப்பு) இறுகினால் என்ன செய்வது என்றும் கடைசியில் சுருக்கமாக எழுதுகிறேன்.

காமாட்சிபாளையத்தில் எனக்குச் சின்ன ஷெட். மரத்தில் காடி, அதாவது நீளப் பள்ளம், வெட்டுகிற அரை இஞ்ச் ரூட்டர் ஒன்று ஆறு வருஷமாக ஓடுகிறது. இரண்டு மாதமாகக் கீழே அழுத்தினால் பாதியில் நின்றுவிடும். கொஞ்சம் பலமாக அமுக்கினால் சடக்கென்று இறங்கி, பிட் (வெட்டுகிற அலகு) மரத்தில் இடித்துவிடும். இப்படி இருந்தால் காடி எடுக்கவே முடியாது.

சிட்டி மார்க்கெட் பக்கம் பவர் டூல் ரிப்பேர் கடை ஒன்றுக்குப் போனேன். கன்னடத்தில்தான் பேச ஆரம்பித்தேன். கடைக்காரர் என் பேச்சைக் கேட்டுவிட்டு, "அண்ணா தர்மபுரியா? எங்க அம்மாவுக்கு அரூர் பக்கம்" என்றார். அங்கேயே விழுந்துவிட்டேன். டீ வரவழைத்தார். ரூட்டரை இரண்டு தடவை அழுத்திப் பார்த்து, "ரெண்டு பக்கமும் புஷ் தேஞ்சிடுச்சுண்ணா, ஸ்பிரிங்கும் போச்சு. எல்லாம் ஒரிஜினல் போட்டுத் தர்றேன், 3,800 ஆகும்" என்றார். மிஷின் இரண்டு ராடில்தான் ஏறி இறங்கும்; ராடைச் சுற்றியிருக்கிற வளையம்தான் புஷ், மிஷினை மேலே தள்ளுவது ஸ்பிரிங். முழுப் பணத்தையும் அங்கேயே போனில் அனுப்பினேன். பில் கேட்டதற்கு, "நமக்குள்ள பில் எதுக்குண்ணா, ஜிஎஸ்டி சேர்ந்தா உங்களுக்குத்தான் நஷ்டம்." ஊர்க்காரர் என்று சரி சொல்லிவிட்டேன்.

ஒன்பது நாள் கழித்து மிஷின் வந்தது. ஒரு கையால் அழுத்தினாலே இறங்கியது. இரண்டு ஸ்பிரிங்கும் நன்றாக இருக்கிற ரூட்டர் அவ்வளவு லேசாக இறங்காது. அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

மூன்றாம் நாள் கதவுச் சட்டத்தில் காடி எடுத்துவிட்டு, ஆழத்தைப் பிடித்து வைக்கிற லாக்கைத் தளர்த்தினேன். மிஷின் மேலே வரவில்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்து இறுகிக்கொண்டது. பிட் உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறது, கருகல் வாசனை வருகிறது. சுவிட்சை அணைப்பதற்குள் காடி அகன்று, ஓரமெல்லாம் கறுத்துவிட்டது. நல்ல தேக்கு, பார்ட்டி வாங்கிக் கொடுத்த மரம்.

போன் செய்தேன். முதல் நாள் "மெக்கானிக் ஊருக்குப் போயிருக்கான்". அடுத்த நாள் "நீங்க ஓவரா லோடு கொடுத்திருப்பீங்க". நேரில் போனால் "பில் இருக்கா?" என்று கேட்கிறார்! பில் வேண்டாம் என்று சொன்ன அதே வாய். அண்ணா எல்லாம் போய் "சார்" ஆகிவிட்டேன். இப்போது போனே எடுப்பதில்லை.

நேற்று நானே பிரித்தேன். இடது ராடுக்குள் பழைய ஸ்பிரிங், துருவோடு அப்படியே இருந்தது. வலது ராடு காலி. ஸ்பிரிங்கே இல்லை! ஒன்றைக் கழற்றி எடுத்துவிட்டு, அதனால் லேசாக இறங்குவதையே ரிப்பேர் செய்ததாகக் காட்டியிருக்கிறார். புஷ்ஷும் பழையதுதான், சுற்றிலும் பிசின் கறை. ராடு முழுக்க கிரீஸ் அப்பியிருந்தார். மூன்று நாள் மரத்தூள் அதில் சேர்ந்து களி மாதிரி ஆகியிருந்தது. விரலால் வழித்து எடுத்தேன்.

துணியில் டர்பென்டைன் நனைத்து இரண்டு ராடையும் துடைத்ததும் புஷ் தாராளமாக ஓடியது. புஷ் தேயவே இல்லை. ஆரம்பத்திலேயே இதைச் செய்திருந்தால் 3,800 ரூபாய் கையில் இருந்திருக்கும். இப்போது ஸ்பிரிங் ஒன்று தேடி அலைகிறேன்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன். பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட் மட்டும்தான் கையில் இருக்கிறது.

விரிவாக எழுத இப்போது மனசு இல்லை. பிளக்கைப் பிடுங்கி, பிட்டைக் கழற்றிவிட்டுத்தான் ராடில் கை வையுங்கள். பிரிக்கும்போது ஸ்பிரிங் தெறிக்கும், முகத்தைத் தள்ளி வையுங்கள். கிரீஸ், எண்ணெய் வேண்டாம், தூள் ஒட்டும். துடைத்துவிட்டு லேசாக மெழுகு போட்டால் போதும். உப்புத்தாள் போட்டு ராடைத் தேய்க்காதீர்கள். இரண்டு கைப்பிடியையும் சமமாக அழுத்துங்கள். கடையில் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் பழைய பார்ட்ஸைத் திருப்பிக் கேளுங்கள், பில் இல்லாமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள்.