குவார்டர்பேக் வேட்டை: முந்திக்கொள்வதா, காத்திருப்பதா?

அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்லில், அணிகள் கல்லூரி வீரர்களைச் சுற்றுச் சுற்றாக, வரிசைப்படி தேர்ந்தெடுப்பதுதான் டிராஃப்ட். அதில் போன சீசனில் மோசமாக ஆடிய அணிக்குத்தான் முதல் வாய்ப்பு. வரிசையில் பின்னால் நிற்கும் அணிக்கு நல்ல குவார்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) வேண்டுமென்றால், தன் வேறு வாய்ப்புகளைக் கொடுத்து முன்னால் இடம் வாங்க வேண்டும். 2017இல் மூன்று அணிகள் அப்படி வாங்கின. அவற்றில் இரண்டை இங்கே பார்ப்போம்.

சிகாகோ பேர்ஸ் ஏற்கெனவே மூன்றாம் இடத்தில் இருந்தது. ஒரே ஒரு இடம் முன்னேற, அந்த ஆண்டின் மூன்றாம், நான்காம் சுற்று வாய்ப்புகளையும் அடுத்த ஆண்டின் மூன்றாம் சுற்று வாய்ப்பையும் சேர்த்துக் கொடுத்து மிட்செல் ட்ருபிஸ்கியை எடுத்தது. கல்லூரியில் அவர் தொடக்க வீரராக ஆடியது 13 ஆட்டங்களே. கன்சாஸ் சிட்டி சீஃப்ஸ் 27லிருந்து 10க்குத் தாவியது. விலை இன்னும் அதிகம்: 2018இன் முதல் சுற்று வாய்ப்பே கைவிட்டுப் போனது. கிடைத்தவர் பேட்ரிக் மஹோம்ஸ்.

மஹோம்ஸின் திறமை வேறு ரகம், மறுக்கவில்லை. ஆனால் சீஃப்ஸிடம் ஏற்கெனவே அனுபவமுள்ள குவார்டர்பேக் அலெக்ஸ் ஸ்மித் இருந்தார். அதனால் மஹோம்ஸுக்கு முதல் சீசனில் கிடைத்தது ஒரே ஆட்டம், டென்வரில், கடைசி வாரம். 24-10 என முன்னிலை வந்ததும் அவரை உட்கார வைத்தார்கள். டென்வர் சமன் செய்துவிட்டது. திரும்ப அவரையே இறக்கினார்கள்; பந்தை ஃபீல்டு கோல் (கம்பங்களுக்கு நடுவே உதைத்து எடுக்கும் மூன்று புள்ளி) தூரத்துக்குக் கொண்டுபோய் 27-24 என முடித்தார். அடுத்த சீசனில் 50 டச்டவுன் பாஸ்கள் (எதிரணியின் எல்லைப் பகுதியில் புள்ளியாக முடியும் பாஸ்கள்), சீசனின் மிகச் சிறந்த வீரருக்கான எம்விபி விருது.

சிகாகோவும் மைக் க்ளெனன் என்ற குவார்டர்பேக்கை முன்கூட்டியே ஒப்பந்தம் செய்திருந்தது. நான்கு ஆட்டங்களில் பொறுமை போய் ட்ருபிஸ்கியை இறக்கிவிட்டது. சீசன் முடிந்ததும் பயிற்சியாளரும் மாறினார். இரண்டாம் ஆண்டில் பையன் மறுபடி புது ஆட்டமுறையைப் படிக்க வேண்டியதாயிற்று.

கிரீன் பே பேக்கர்ஸ் வழி இதைவிட மலிவு. 2005இல் 24ஆம் இடத்தில் ஆரன் ராட்ஜர்ஸ், 2020இல் 26ஆம் இடத்தில் ஜோர்டன் லவ். இருவரும் மூன்று ஆண்டுகள் பெஞ்சில். சிக்கல் என்னவென்றால், புதுமுகத்தின் குறைந்த சம்பள ஒப்பந்தம் நான்கு ஆண்டுதான். சம்பள உச்சவரம்பு உள்ள லீக்கில் அந்த மலிவான ஆண்டுகளில் முக்கால்வாசியைப் பெஞ்சில் கழிக்க எல்லா அணிக்கும் கட்டாது. என்னைக் கேட்டால் சீஃப்ஸ் வழிதான். ஆனால் ஸ்மித் மாதிரி ஒருவர் கையில் இருக்க வேண்டும்.

அப்புறம் சான் பிரான்சிஸ்கோ அணி. 2021இல் 12லிருந்து 3க்குப் போக, அதற்குப் பிந்தைய இரண்டு ஆண்டுகளின் முதல் சுற்று வாய்ப்புகளையும் கொடுத்து ட்ரே லான்ஸை எடுத்தது. அந்த அணிக்காக அவர் தொடக்க வீரராக ஆடியது நான்கே ஆட்டங்கள். நடுவில் கணுக்கால் முறிவு வேறு. 2022இன் கடைசித் தேர்வு, 262ஆவது ஆளான ப்ராக் பர்டிதான் அணியை லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுல் வரை கொண்டுபோனார். இதைக் காட்டி ‘கடைசிச் சுற்றில் தேடினால் போதும்’ என்று சிலர் சொல்கிறார்கள். அவ்வளவு தெரிந்திருந்தால் 261 பேர் போகும்வரை அதே அணி அவரை ஏன் விட்டுவைத்தது?