இரவுப் பதிவேடா, வூடாஸ் புள்ளியா?

உளநோயோடு வாழ்கிறவர்களுக்கு ஆதரவு வீடு நடத்துகிற யாரிடமும் ஆறு மாதத்துக்கொரு தடவை வந்து சேரும் கேள்வி: "ஆக்கள் தேறுறாங்களா?" பதில் சொல்ல மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்துச் சிறிய வீடுகளுக்கு மூன்று வழி இருக்கிறது: ஹோனோஸ், வூடாஸ் என்ற இரண்டு புள்ளிப் படிவங்கள், இல்லாவிட்டால் சீ.ஆர். கொப்பியில் எழுதும் இரவுப் பதிவேடு. நமது சாய்வு கொப்பிப் பக்கம்.

ஹோனோஸ் பிரித்தானியாவில் உருவானது. நடத்தை, நோய்க்குறி, சமூக வாழ்க்கை என்று 12 அம்சங்கள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4, பார்ப்பது கடந்த இரண்டு கிழமை. பயிற்சி பெற்ற சிகிச்சையாளர்தான் போட வேண்டும். கிளினிக்கில் வைத்திய அதிகாரியோ சமூக உளநலத் தாதியோ போட்டால் சரி. வீட்டுப் பொறுப்பாளர் தலையில் கட்டக் கூடாது.

உலக சுகாதார நிறுவனத்தின் வூடாஸ் 2.0 அப்படியல்ல, கேள்வி கேட்கும் முறையைப் பழகிய எவரும் கேட்கலாம். 36 கேள்வி வடிவத்துக்கு 20 நிமிடம், 12 கேள்வி வடிவத்துக்கு 5 நிமிடம் என்பது கணக்கு. கடந்த 30 நாளில் அரை மணி நேரம் நிற்க, ஒரு கிலோமீட்டர் நடக்க, குளிக்க, வீட்டுப் பொறுப்புகளைப் பார்க்க, தெரியாதவர்களோடு பழக எவ்வளவு கஷ்டம்? ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4, 12 கேள்வி வடிவத்தில் மொத்தம் 48. கூடினால் நிலைமை மோசம். கிலோமீட்டர் கேள்விக்கு, வீட்டிலிருந்து அந்தத் தூரத்தில் இருக்கும் கோயிலையோ பள்ளிவாசலையோ கடையையோ பெயர் சொல்லிக் கேட்டால்தான் பதில் நேராக வரும்.

சிக்கல் வேறிடத்தில். வழமையாகக் கிடைக்கும் உதவியோடு எவ்வளவு கஷ்டம் என்றுதான் வூடாஸ் கேட்கிறது. சமைப்பது, துவைப்பது, மருந்தை எண்ணிக் கொடுப்பது எல்லாம் பணியாளர் என்றால் "எனக்கொரு கஷ்டமும் இல்ல" என்று பதில் வரும். புள்ளி 9 என்று வைப்போம். அதே ஆள் மூவர் பகிரும் வாடகை வீட்டுக்குப் போய், தானே சந்தைக்குப் போய், தானே அடுப்பு மூட்டத் தொடங்கியதும் கஷ்டம் தெரியவருகிறது; புள்ளி 16 ஆகிவிடும். ஆள் முன்னேறியிருக்கிறார், அறிக்கையோ பின்னடைவு என்கிறது. ஆளைப் பொத்திப் பொத்தி வைத்திருக்கும் இல்லம்தான் தாளில் நல்ல பெயர் வாங்கும். ஆதரவு வீட்டின் நோக்கத்துக்கே இது குறுக்கே நிற்பதால், வூடாஸை மட்டும் வைத்து ஒரு வீட்டை எடைபோடுவது நியாயமில்லை.

பதிவேடு கேட்பது நேற்றிரவு எங்கே படுத்தார் என்பதை மட்டும். ஆளுக்கொரு வரி, நாளுக்கொரு கட்டம், கட்டத்தில் ஒரெழுத்து: வீ - தன் கட்டில், உ - சொல்லிவிட்டு உறவினர் வீடு, ஆ - ஆஸ்பத்திரி, ம - மறியல் (சிறை), வெ - கோயில் மண்டபம், பஸ் ஸ்டாண்ட் போன்ற வெளியிடம், தெ - தெரியாது. ஓரத்தில் ஊசித் திகதி. ஃப்ளூஃபெனசின் போன்ற நீண்டகால ஊசி பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு கிழமைக்கொரு தடவை போடப்படுவது. தவறிய ஊசிக்குப் பிறகு 'வெ' வரிசையாக விழுகிறதா என்பதை ஒரே பக்கத்தில் பார்த்துவிடலாம். மாரி வெள்ளத்தில், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைப் பாதைகள் மூடுண்டு கிளினிக் தவறும் மாதங்களில் இந்தப் பக்கம் மிக முக்கியம்.

கனடாவில் 2009 முதல் 2013 வரை ஐந்து நகரங்களில், வீடில்லாத உளநோயாளருக்கு முதலில் வீடு கொடுப்பதை வழமையான சேவையோடு ஒப்பிட்ட அட் ஹோம் ஆய்வும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் எங்கெங்கே தங்கினார்கள் என்பதைத் திகதி வாரியாகக் கேட்டுப் பதிந்தது. நிலையான வதிவிடத்தில் இரு தரப்புக்கும் இடையே வித்தியாசம் தெளிவாக வந்தது. வாழ்க்கைத்தர அளவைகளில் அந்தளவுக்கு வரவில்லை.

'வீ'யும் 'உ'வும் நல்ல இரவு; அவற்றை மொத்த இரவால் வகுத்தால் மாதச் சதவீதம். பதிவேட்டில் பிழை வருவது பெரும்பாலும் இந்த வகுத்தலில்தான். 8 பேர், 30 இரவு: மொத்தம் 240. இருவர் பத்தாம் நாளோடு போய்விட்டார்கள். அன்றோடு அவர்களைக் கொப்பியிலிருந்து வெட்டினால் இருந்த 200 இரவுக்கு 200, நூறு சதவீதம்! வெட்டாமல் 240ஆல் வகுத்தால் 83. போனவரின் வரி ஒரு வருடமாவது கொப்பியில் நிற்க வேண்டும். மாதமொருமுறை கோல் எடுத்துக் கேட்டு எழுத வேண்டும், கிடைக்காவிட்டால் 'தெ'. 'தெ'யை நல்ல இரவோடு சேர்க்கவே கூடாது. மாமாங்கக் கோயில் தீர்த்தத் திருவிழாவுக்கு வீடு போனவரையும் பெருநாளுக்குத் தாயிடம் போனவரையும் 'வெ' என்று போட்டால் எதிர்ப்பக்கப் பிழை. அது 'உ', நல்ல இரவு. மாதக் கடைசியில் ஒரே பேனையால் முப்பது 'வீ' எழுதிய பக்கத்தை நம்ப வேண்டாம். காலைத் தேத்தண்ணியோடு எழுதினால்தான் அது பதிவு.

கொப்பிக்குத் தெரியாததும் ஒன்றிருக்கிறது. வெளியே பூட்டிய வீட்டிலும் 365 'வீ' விழும். அதனால் மாதப் பக்கத்தின் அடியில் இரண்டு வரி சேருங்கள்: கேற் திறப்பு யாரிடம், இந்த மாதம் தனியாக வெளியே போய்வந்த நாள் எத்தனை. கசிப்பு (கள்ளச்சாராயம்) பிரச்சினையும் சேர்ந்த வீடுகளில் இது போதுமா என்பதில் இவ்வளவு உறுதியாகப் பேசமாட்டோம். எட்டுப் பேர் வீட்டின் சதவீதத்தை இன்னொரு வீட்டோடு போட்டிக்கு நிறுத்துவதும் வேண்டாம். ஒருவர் ஒரு மாதம் வார்டில் இருந்தாலே அந்த மாதக் கணக்கு 12 புள்ளிக்கு மேல் ஆடும்.

வூடாஸ் 12ஐத் தூக்கி எறியத் தேவையில்லை. மே மாதமும் செப்டெம்பரும், வீட்டுப் பணியாளரல்லாத ஒருவர் கேட்கட்டும். மொத்தப் புள்ளிக்குப் பக்கத்தில் அந்த நேரம் யார் சமைக்கிறார் என்றும் எழுதிவைக்கட்டும்.