முதியவர்களோடும் குழந்தைகளோடும் ஏற எந்தப் பாறைக்குன்று? செஞ்சி, சமணர்மலை, சித்தன்னவாசல், அரிட்டாபட்டி

மொட்டைப்பாறைக் குன்றில் ஏறுவது எளிதா, கடினமா என்பதை அதன் உயரத்தை மட்டும் கேட்டு முடிவு செய்ய முடியாது. மரம் அடர்ந்த மலைப்பாதையில் களைப்பின்றி நெடுந்தொலைவு நடந்தவர்கூட, நிழலே இல்லாத கருங்கல் சரிவில் சிறிது தூரத்திலேயே தளர்ந்து உட்கார்ந்துவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். காலையிலேயே வெயிலை வாங்கத் தொடங்கும் பாறை, பொழுது சாய்ந்த பிறகும் அனலை விடுவதில்லை. வெங்காயத் தோல்போல அடுக்கடுக்காக உரியும் அதன் மேற்பரப்பிலிருந்து உதிரும் பொடிச்சரளை, ஏறும்போது கண்ணில் படாமல் இருந்து, இறங்கும்போது காலை வாரிவிடும். ஆகவே மூட்டுவலி உள்ள பெரியவரையும் எட்டு வயதுக் குழந்தையையும் உடன் அழைத்துச் செல்பவர், படி வெட்டியிருக்கிறார்களா, பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டா, பாதி வழியில் திரும்பினாலும் பார்த்தவரை மனம் நிறையுமா என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும்.

சென்னைப் பக்கத்திலிருந்து புறப்படுபவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது செஞ்சி. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று குன்றுகளை மதிலால் இணைத்துக் கட்டிய கோட்டை அது. மராத்தியப் போர்க்கோட்டைகளின் தொகுப்பில் ஒன்றாக 2025-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பிறகு அதற்கு வருவோர் பெருகியிருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் நேரே ராஜகிரியில்தான் ஏறத் தொடங்குகிறார்கள். சிறியவர்களோடும் முதியவர்களோடும் வருபவர்களுக்கு அது சரியான தேர்வு அன்று என்பது என் உறுதியான கருத்து. ஏறத்தாழ 800 அடி உயரமுள்ள அந்தக் குன்றில் படிகள் இருக்கின்றன என்றாலும் அவை சீரான உயரத்தில் இல்லை. உச்சிக்குச் சற்றுக் கீழே மலை பிளந்து நிற்கிறது. அந்தப் பிளவின்மேல் போட்டிருக்கும் சிறு பாலத்தைக் கடந்துதான் மேற்கோட்டைக்குள் நுழைய முடியும். 1690 முதல் 1698 வரை முகலாயப் படையின் முற்றுகைக்கு ஈடுகொடுத்த கோட்டை இது. எதிரி மூச்சுவாங்க வேண்டும் என்பதற்காகவே அமைத்த வழியில் நம் வீட்டுப் பெரியவர்களும் மூச்சுவாங்கத்தான் செய்வார்கள். பாதியில் திரும்பினால் அங்கே பார்க்கக் கிடைப்பதும் குறைவு, ஏனெனில் ராஜகிரியின் சிறப்பெல்லாம் உச்சியில் இருக்கிறது.

செஞ்சிக்கே போக வேண்டும் என்று விரும்புபவர்கள் சாலைக்கு மறுபுறம் உள்ள கிருஷ்ணகிரியைத் தேர்ந்தெடுப்பது நல்லது. உயரம் குறைவு, கூட்டமும் குறைவு. மேலே குவிமாடத்தோடு நிற்கும் மண்டபத்தில் காற்று வாங்கிக்கொண்டு, எதிரே ராஜகிரி முழுவதையும் ஒரே பார்வையில் காணலாம். உருண்டைக் கற்களை அள்ளிக் குவித்தாற்போல் தோன்றும் அந்த மலையின் அழகு, அதன்மேல் ஏறி நிற்பவர்களைவிட இங்கிருந்து பார்ப்பவர்களுக்கே நன்றாகப் புலப்படுகிறது. ஏற இயலாதவர்கள் அடிவாரத்துக் கல்யாண மகாலிலும் களஞ்சியங்களிலும் அரை நாளைச் செலவிடலாம். குரங்குகள் மிகுதி என்பதால் தின்பண்டங்களைக் கையில் வைத்துக்கொண்டு நடக்கக் கூடாது.

மதுரை வட்டாரத்துச் சமணக் குன்றுகளின் அமைப்பே வேறு. துறவிகள் அங்கே தேடியது மழையும் வெயிலும் படாத ஒரு குகையையும் வற்றாத ஒரு சுனையையும்தான். நாள்தோறும் இறங்கிப் பிச்சையேற்கக் கீழே ஊரும் பக்கத்தில் இருக்க வேண்டும். அதனால் அவர்களுடைய இருப்பிடங்கள் பெரும்பாலும் குன்றின் இடுப்பளவில், நிழல் விழும் இடத்தில், நீருக்கு அருகில் அமைந்தன. எளிய மலைநடைக்கு நாம் இன்று எதிர்பார்ப்பவையும் இவையேதாம்.

மதுரைக்கு மேற்கே கீழக்குயில்குடியில் உள்ள சமணர்மலையைத்தான் இவற்றுள் முதலாவதாகச் சொல்வேன். அடிவாரத்தில் தாமரைக்குளம், அதையொட்டி அய்யனார் கோயில், கோயிலருகே ஆலமர நிழல் என்று, ஏறாதவர்கள் காத்திருப்பதற்கே அது இதமான இடம். கோயிலுக்குப் பின்னால் பாறையில் வெட்டிய படிகளும் கைப்பிடிக் கம்பியும் சுனையை ஒட்டிய பேச்சிப்பள்ளம் என்னும் இடத்துக்கு இட்டுச் செல்கின்றன. நின்று நின்று ஏறினாலும் அதிக நேரம் ஆகாது. சுனைக்கு மேலே நீண்டு செல்லும் பாறையில் பாகுபலி, பார்சுவநாதர், மகாவீரர் முதலியோரின் உருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டு, அவற்றின் கீழே செய்வித்தவர்களின் பெயர்கள் வட்டெழுத்து என்னும் பழந்தமிழ் எழுத்துமுறையில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. பெரும்பாலோருக்கு இந்த இடமே போதும். வலுவுள்ளவர்கள் மட்டும் மேலே தொடர்ந்து, மாதேவிப் பெரும்பள்ளி என்ற பழைய சமணப் பள்ளியின் எஞ்சிய அடித்தளம் வரை போகலாம். அந்தப் பகுதி செங்குத்தானது, வெயில் ஏறிய பிறகு முயலக் கூடாது. மலையின் இன்னொரு பக்கத்தில் இருக்கும் செட்டிப்புடவு என்னும் குகைக்குச் சில படிகளே ஏற வேண்டும். அங்கே அமர்ந்திருக்கும் பெரிய தீர்த்தங்கரரை (சமண சமய அருகரை) ஊர்மக்கள் செட்டியார் என்றே அழைக்கிறார்கள். குகைக்கு அப்பெயர் வந்ததும் அதனால்தான். என் தாயார் பேச்சிப்பள்ளத்துக்கு ஏற முடியாமல் போன நாளில், இந்தப் புடவின் குளிர்ச்சியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, மலையைப் பார்த்த நிறைவோடுதான் வீடு திரும்பினார். ஒரே குன்றில் மூவகை உடல்வலுவுக்கும் ஏற்ற மூன்று வழிகள் இருப்பதே சமணர்மலையை நான் முன்னால் வைப்பதற்குக் காரணம்.

புதுக்கோட்டைக்கு அருகிலுள்ள சித்தன்னவாசல் அதிகப் புகழ் பெற்றது. அங்குள்ள சமணக் குடைவரையான அறிவர் கோயிலின் விதானத்தில் தீட்டிய தாமரைப் பொய்கையும் அதில் பூக்கொய்யும் துறவியரும் மீன்களும் யானைகளும் ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்பர். அக்கோயிலுக்கு ஏற்றம் சிறிதுதான். ஏழடிப்பட்டம் என்னும் சமணர் குகைக்கு வழி வேறு. முகட்டுக்கு ஏறி, மறுசரிவில் பாறையின் விளிம்பை ஒட்டி நடந்தால்தான் வழவழப்பாகத் தேய்த்த 17 கற்படுக்கைகள் உள்ள குகையை அடையலாம். கம்பித் தடுப்பு இருப்பதால் ஆபத்தில்லை. ஆனால் பக்கவாட்டில் பள்ளத்தைக் கண்டால் தலைசுற்றுபவர்களுக்கு இவ்வழி உகந்ததன்று. காட்சியைப் பொறுத்தவரை சமணர்மலையைவிட இது ஒரு படி மேல் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்: கீழே விரியும் சமவெளியில் கரடுகள் ஆங்காங்கே தலைநீட்டி நிற்பது இவ்விளிம்பிலிருந்து மிக அழகாகத் தெரியும். முகட்டு வழியில் நிழல் அரிது. எனவே காலையில் ஏழடிப்பட்டத்தை முடித்துவிட்டு, வெயில் ஏறிய பிறகு ஓவியங்களைப் பார்க்க வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் மார்கழி முதல் மாசி வரையிலான மாதங்கள் ஏற்றவை. மழை பெய்த மறுநாள் மட்டும் எந்தப் பாறையிலும் ஏற வேண்டாம். நீர் வழிந்த தடங்களில் படியும் கரும்பாசி, காய்ந்துவிட்டதுபோல் தோன்றினாலும் வழுக்கும்.

ஏறவே விருப்பமில்லாமல், பாறைகளுக்கு நடுவே நடக்க மட்டும் விரும்புபவர்களுக்கு மேலூர்ப் பக்கத்து அரிட்டாபட்டி இருக்கிறது. 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர் இது. 2024-இன் இறுதியில் டங்ஸ்டன் சுரங்க ஏலத்துக்குள் அகப்பட்டு, ஊர்மக்களின் போராட்டத்துக்குப் பின் 2025 சனவரியில் அந்த ஏலம் ரத்து செய்யப்பட்டபோது, இக்குன்றுகளில் நடந்தவர்கள் எல்லோரும் நிம்மதி அடைந்தோம். கண்மாய்க் கரைகளின் வழியே சமதளத்தில் நடந்தாலே கழிஞ்சமலையின் குடைவரைச் சிவன் கோயிலை அடைந்துவிடலாம். தமிழகத்தில் காண அரிதான லகுலீசர் (சிவனின் வடிவமாகக் கருதப்படும் பாசுபத சமய ஆசான்) சிற்பம் அங்கே இருக்கிறது. மாலையில் வெயில் தணிந்த பிறகு கண்மாய்க் கரையில் அமைதியாக அமர்ந்திருந்தால், செங்குத்துப் பாறையின் இடுக்கிலிருந்து வல்லூறு ஒன்று வெளிப்பட்டு, தண்ணீருக்கு மேலே வட்டமிட்டுவிட்டுத் தன் இடுக்குக்கே திரும்புவதைக் காணலாம்.