வளவு வீட்டு வெந்நீர்: கீசரா, சோலாரா, ஹீட் பம்ப்பா?

காரைக்குடிப் பக்கம் பழைய வளவு வீட்டை, அதாவது நடுவில் முற்றம் வைத்த செட்டிநாட்டு வீட்டை, பழுது பார்க்கிறவர்கள் தேக்குத் தூணுக்கும் ஆத்தங்குடிக் கல்லுக்கும் மாதக்கணக்கில் யோசிப்பார்கள். வெந்நீர் என்று வந்தால், "நாலு கீசர் மாட்டிவிடுங்கள்" என்பதோடு சரி.

200 லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 55 டிகிரிக்குக் கொண்டுவர 6 யூனிட்டுக்கு மேல் வேண்டும். கீசர் அத்தனையையும் கரண்ட்டிலிருந்தே எடுக்கும். ஹீட் பம்ப், வெளிக்காற்றின் சூட்டை அள்ளித் தண்ணீருக்குள் தள்ளுகிறது; ஏசியைத் திருப்பிப் போட்டமாதிரி. செட்டிநாட்டுக் காற்றில் சூட்டுக்கா பஞ்சம்? 2 யூனிட்டில் வேலை முடிந்துவிடும். யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு என்று வைத்தால், நாளுக்கு 3 கிலோ மிச்சம்.

பழைய வயரிங்குக்கும் இதுதான் தோது. 2 கிலோவாட் கீசர் நாலும் கல்யாணக் காலையில் ஒன்றாக ஓடினால் 8 கிலோவாட். வீட்டு அளவு ஹீட் பம்ப் பெரும்பாலும் 1 கிலோவாட்டைத் தாண்டாது. ஆனால் நிதானமாகத்தான் காய்ச்சும். தொட்டித் தண்ணீர் முழுதும் காய மூன்று மணி நேரம்கூட ஆகலாம். பின்கட்டில் காற்றோட்டமான இடமாகப் பார்த்து வைக்க வேண்டும். மூடிய அறைக்குள் வைத்தால் அறைதான் குளிரும், சிக்கனம் போய்விடும். சொட்டும் நீருக்கு ஒரு குழாயும் வேண்டும். வாங்கும்போது உள்ளிருக்கும் வாயுவைக் கேளுங்கள்: ஆர்-134ஏ கசிந்தால் அதே எடைக் கரியமில வாயுவைப்போல ஆயிரம் மடங்குக்கு மேல் சூடேற்றும், ஆர்-290 அப்படியில்லை.

சோலாருக்குக் கரண்ட் செலவே கிடையாது. ஆனால் 200 லிட்டர் தொட்டி என்றால் தண்ணீர் மட்டுமே 200 கிலோ. நாட்டு ஓட்டின்மேல் அதை ஏற்ற எனக்குத் துணிச்சல் இல்லை. மெத்தைத் தளம் (மொட்டை மாடி) இருந்தால் தாராளமாகப் போடலாம். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு மாற்று ஏற்பாடும், போர் தண்ணீர் உப்புப் படிந்தால் சுத்தம் செய்ய ஆளும் வேண்டும்.

தினமும் விருந்தாளி தங்கும் ஹோட்டலாக மாறிய வீட்டுக்கு ஹீட் பம்ப்தான். அந்த 200 லிட்டர் கணக்கிலேயே வருஷத்துக்கு ஒரு டன்னுக்கு மேல் கரியமில வாயு குறையும். பங்காளிகள் சேர்ந்து வருஷத்தில் இருபது நாள் மட்டும் திறக்கிற வீட்டில் மிச்சம் 60 கிலோதான். அதற்காகச் சுண்ணாம்புச் சுவரைக் கொத்திப் புதுக் குழாய் ஓட்டுவது வீண். எங்கள் வீடு இரண்டாம் ரகம். இருக்கிற ஒரு கீசரே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம். முன்னோருக்குப் படைக்கும் படைப்பு அன்றைக்கு மட்டும் ஆச்சி பின்கட்டில் செப்பு அண்டாவை ஏற்றச் சொல்வார். கருவேல விறகுதான். அன்றைக்கு அந்தக் கீசரை யாரும் சீண்டுவதில்லை.